'மாட்டேங்கிறான்' இல்ல, 'முடியல': வீட்டுப் பேச்சும் மனநலமும்

(எபிசோடின் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த வாரம் சென்னையில இருந்து பேசல. ஸ்ரீவில்லிபுத்தூர்ல எங்க வீட்டு மாடி ரூம்ல உட்கார்ந்து பேசுறேன். ஜன்னலைத் திறந்தா ஆண்டாள் கோயில் கோபுரம் தெரியும். நடுவுல வண்டிச் சத்தம், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் கேட்டா பொறுத்துக்குங்க.

இதே ரூம்லதான் என் தம்பி போன வருஷம் நாலு மாசம் படுத்துக் கிடந்தான். அவன்கிட்ட கேட்டு, அவன் சரின்னு சொன்ன பிறகுதான் இதைப் பேசுறேன். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாதுன்னு ஒரு லிஸ்ட்டே குடுத்திருக்கான். அதைத் தாண்ட மாட்டேன்.

வீட்ல நடந்தது

வெளியூர்ல வேலை பார்த்துட்டு இருந்தவன் ஒருநாள் வேலையை விட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டான். முதல் ரெண்டு வாரம் எல்லாருக்கும் சந்தோஷம். பிள்ளை ரொம்ப நாள் கழிச்சு வந்திருக்கான், நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்னு அம்மா விதவிதமா சமைச்சுப் போட்டாங்க. அப்புறம்தான் ஒவ்வொண்ணா கண்ணுல பட்டுச்சு. கீழே இறங்கி வர்றதில்ல. விடிய விடிய முழிச்சிருக்கான், பகல்ல படுத்திருக்கான். குளிக்கச் சொன்னா 'அப்புறம்'ங்கிறான். ஃப்ரெண்ட்ஸ் கூப்பிட்டா போன் எடுக்கறதில்ல.

எங்க அப்பாவுக்கு ராஜபாளையத்துல ஸ்பின்னிங் மில் வேலை. பகல் ஷிப்ட், அரைநைட், முழுநைட்னு மாறி மாறி வரும். முழுநைட் முடிச்சு காலையில வீட்டுக்கு வர்ற மனுஷன், 25 வயசுப் பையன் போர்வைக்குள்ள கிடக்கறதைப் பார்த்தா என்ன சொல்வார்? "நான் ராத்திரி பூரா நின்னுட்டு வர்றேன். இவனுக்கு எந்திரிக்கக்கூட வலிக்குது." தினமும் இதே பேச்சு. அதுவும் மாடிக்குக் கேக்கற மாதிரி.

அம்மா வேற மாதிரி. தட்டுல சோறு போட்டு மாடிக்கே கொண்டு போவாங்க. "அய்யா, ஒரு வாய் சாப்பிடுய்யா"ன்னு பக்கத்துலயே உட்கார்ந்திருப்பாங்க. அவன் துணியை அவங்களே துவைப்பாங்க, அவன் போனை அவங்களே எடுத்துப் பேசுவாங்க. யாராவது "தம்பி என்ன பண்றான்?"னு கேட்டா, "வீட்ல இருந்தே வேலை பார்க்கிறான்"னு சொல்லிடுவாங்க. அந்தப் பொய் எங்க மாட்டிக்குமோன்னு சாயங்காலம் கோயிலுக்குப் போறதையே நிறுத்திட்டாங்க.

நான்? நான் சென்னையில உட்கார்ந்துட்டு லிங்க் அனுப்பிட்டு இருந்தேன். வாக்கிங் போடா, யோகா பண்ணுடா, காலையில வெயில்ல நில்லுடா. மனநலத்தைப் பத்தி பாட்காஸ்ட் நடத்துற ஆள் நான். என் தம்பிக்கு நான் பண்ணது அவ்வளவுதான்.

ஒருநாள் ராத்திரி அவனே போன் பண்ணான். "அக்கா, பல் தேய்க்கப் போகணும்னு ஒரு மணி நேரமா நினைச்சிட்டுப் படுத்திருக்கேன். எல்லாரும் நான் மாட்டேன்னு சொல்றதா நினைக்கிறீங்க. நான் மாட்டேன்னு சொல்லவே இல்லக்கா. முடியல."

இந்த எபிசோட் அந்த ரெண்டு வார்த்தைக்கு நடுவுல இருக்கிற வித்தியாசத்தைப் பத்தித்தான்.

லண்டன்ல எழுந்த ஒரு கேள்வி

1950கள்ல லண்டன்ல ஜார்ஜ் பிரவுன்னு ஒரு சமூகவியல் ஆய்வாளர் இருந்தார். மனநல மருத்துவமனைகள்ல இருந்து வெளியே போனவங்களை அவரும் அவர் கூட வேலை பார்த்தவங்களும் தொடர்ந்து கவனிச்சாங்க. பெரும்பாலும் மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை எடுத்தவங்க. அப்பா அம்மா வீட்டுக்கோ மனைவிகிட்டயோ திரும்பிப் போனவங்கதான் சீக்கிரமா குணமாவாங்கன்னு நாம நினைப்போம். 1958ல வெளியான முடிவு நேர் எதிரா இருந்துச்சு. வாடகை அறையிலயோ அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி வீட்லயோ தங்கினவங்களைவிட, பெற்றோர்கிட்டயும் மனைவிகிட்டயும் போனவங்களுக்குத்தான் நோய் அதிகமா திரும்பி வந்திருந்தது.

பாசம் இருக்கற இடத்துல ஏன் இப்படின்னு தேட ஆரம்பிச்சாங்க. குடும்பத்து ஆட்களோட மணிக்கணக்கா பேசி, அதைப் பதிவு பண்ணிக் கேட்டாங்க. என்ன சொல்றாங்கங்கிறது மட்டும் இல்ல, எந்தக் குரல்ல சொல்றாங்கன்னும் கவனிச்சாங்க. அப்படி வந்த கருத்துக்குப் பேர் 'எக்ஸ்பிரஸ்டு இமோஷன்'. நம்ம பாஷையில சொன்னா, வீட்ல அந்த ஆளைப் பத்தி எப்படிப் பேசுறாங்க, அதுல எவ்வளவு சூடு இருக்குங்கிறதுதான்.

மூணு விஷயம் ஆபத்தானதா தெரிஞ்சது. ஒண்ணு, ஓயாம குறை சொல்றது. ரெண்டு, அந்த ஆளையே வெறுக்கற பேச்சு. மூணாவது பலருக்கு ஆச்சரியமா இருக்கும்: அளவுக்கு மீறித் தாங்கறது. அவங்களுக்குப் பதிலா எல்லாத்தையும் நாமே செஞ்சு, நம்ம வாழ்க்கையையே அவங்களைச் சுத்திக் கட்டிக்கறது. அதாவது, எங்க அப்பாவும் அந்த லிஸ்ட்ல இருந்தார், எங்க அம்மாவும் இருந்தாங்க.

1972ல பிரவுன் குழு வெளியிட்ட ஆய்வுல, இந்தச் சூடு அதிகமா இருந்த வீடுகளுக்குத் திரும்பினவங்கள்ல 58 சதவீதம் பேருக்கு 9 மாசத்துக்குள்ள நோய் திரும்பியிருந்தது. குறைவா இருந்த வீடுகள்ல 16 சதவீதம்தான். பிறகு வந்த ஆய்வுகள்ல டிப்ரஷன் மாதிரியான நோய்களுக்கும் இது பொருந்துதுன்னு தெரிஞ்சது.

நம்ம நாட்டுலயும் பார்த்திருக்காங்க. சண்டிகர்லயும் அதைச் சுத்தி இருக்கிற கிராமங்கள்லயும் நடத்தின ஆய்வு 1987ல வெளியாச்சு. லண்டனோட ஒப்பிட்டா அங்க குறை சொல்ற குடும்பங்கள் குறைவு. கிராமங்கள்ல இன்னும் குறைவு. அதனால இது ஏதோ 'இந்தியக் குடும்பம்னாலே பிரச்சினை'ங்கிற கதை இல்ல.

இன்னொண்ணையும் அழுத்திச் சொல்லிடறேன். குடும்பம்தான் நோயை உண்டாக்குதுன்னு இந்த ஆய்வுகள் சொல்லல. பரம்பரை, உடம்பு, வேலை, இழப்புன்னு காரணங்கள் பல. வந்த நோய் ஆறுறதுக்கும் திரும்பறதுக்கும் வீட்டுச் சூழல் பங்கு வகிக்குது, அவ்வளவுதான். எங்க அம்மா இதைக் கேட்டுட்டு "அப்ப என்னாலதானா?"ன்னு அழுதாங்க. உங்க வீட்லயும் யாராவது கேப்பாங்க. இல்லைன்னு தெளிவா சொல்லிடுங்க.

குறை சொல்ற வாய்க்குப் பின்னால

பாசமான மனுஷங்க ஏன் இப்படிக் குறை சொல்றாங்க? ஆய்வாளர்கள் இதையும் பார்த்திருக்காங்க. அதிகமா குறை சொல்றவங்க, 'இவன் நினைச்சா மாத்திக்கலாம், வேணும்னே பண்றான்'னு நம்பறவங்களா இருக்காங்க. காய்ச்சல்ல படுத்திருக்கறவனை யாரும் சோம்பேறின்னு சொல்றதில்ல. தெர்மாமீட்டர் காட்டுது, நம்பிடறோம். மனசுக்கு அந்த மாதிரி கருவி வீட்ல இல்ல. அதனால நோயோட அறிகுறியையே குணம்னு படிச்சிடறோம். எந்திரிக்க முடியாதது சோம்பேறித்தனமாத் தெரியுது. பேச முடியாதது திமிராத் தெரியுது. எரிச்சல் மரியாதை இல்லாததாத் தெரியுது.

'மாட்டேங்கிறான்'னு நினைச்சா நமக்குக் கோபம் வரும். 'முடியல'ன்னு புரிஞ்சா, என்ன உதவி வேணும்னு கேக்கத் தோணும். நிலைமை அதேதான். நாம போடற வினைச்சொல்தான் மாறுது.

எங்க அப்பாவுக்கு இதை நான் சொல்லிப் புரிய வைக்கல. தம்பியை மனநல மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போனப்ப அவரும் வந்தார். வீட்ல எப்படிப் பேசிக்கறீங்கன்னு டாக்டர் விசாரிச்சார். அப்பா ஒண்ணும் பேசல. திரும்பி வரும்போது பஸ்ல என்கிட்ட சொன்னார்: "பாப்பா, டிபார்ட்மென்ட்ல ஈரப்பதம் குறைஞ்சா நூல் அறுந்துக்கிட்டே இருக்கும். நூலைத் திட்டியா என்ன செய்ய? காத்தைத்தான் சரி பண்ணணும்."

ஸ்பின்னிங் மில் பக்கம் போனவங்களுக்குத் தெரியும். காத்து வறண்டு போனா இழை அறுந்து அறுந்து போகும். அதுக்காகவே உள்ள ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தி வெச்சிருப்பாங்க. பஞ்சு எப்படி வந்துச்சுங்கிறது ஷிப்ட்ல நிக்கறவங்க கையில இல்ல. மூணு மணி நேரமா நான் விளக்கினதை அவர் ரெண்டே வரியில சொல்லிட்டார்.

வீட்டுக் காத்தை எப்படிச் சரி பண்றது?

முதல்ல, அஞ்சு நிமிஷப் பயிற்சி. ஆய்வாளர்கள் ஒரு சுருக்கு வழி வெச்சிருக்காங்க: வீட்டு ஆளை அஞ்சு நிமிஷம் இடைவிடாம பேச விட்டுப் பதிவு பண்ணுவாங்க. அவர் எப்படிப்பட்டவர், நீங்க ரெண்டு பேரும் எப்படிப் பழகுறீங்க, இது மட்டும்தான் கேள்வி. நீங்களும் போன்ல தனியா பேசிப் பதிவு பண்ணிட்டு, மறுநாள் கேளுங்க. நான் கேட்டப்ப, 'அவன் எப்பவுமே'ங்கிற வார்த்தை எத்தனை தடவை வந்துச்சுன்னு எண்ணவே வெட்கமா இருந்துச்சு.

ரெண்டாவது, ஆளைச் சொல்லாம விஷயத்தைச் சொல்லுங்க. "நீ ஒரு தண்டம்"கிறது ஆளைப் பத்தின தீர்ப்பு. "நீ ரெண்டு நாளா சாப்பிடல, எனக்குப் பயமா இருக்கு"ங்கிறது விஷயம்.

மூணாவது, தாங்கறவங்களுக்கு. எல்லாத்தையும் செய்யாம சின்னதா ஒண்ணை அவங்ககிட்ட விட்டுடுங்க. எங்க வீட்ல தட்டு மாடிக்குப் போறது நின்னு, தம்பி படியில பாதி தூரம் இறங்கி வந்து வாங்கிக்கறதுன்னு ஆச்சு. ஒரு வாரம் கழிச்சு கடைசிப் படி வரை வந்தான். பிறகு அடுக்களைக்கே வந்தான்.

நாலாவது, எப்பவும் ஒரே அறையில இருக்காதீங்க. கவனிச்சுக்கறவங்களுக்கும் மூச்சு விட இடம் வேணும். அம்மா மறுபடி கோயிலுக்குப் போக ஆரம்பிச்சதும் தம்பிக்கான சிகிச்சையோட ஒரு பகுதிதான்னு இப்ப நினைக்கிறேன்.

அஞ்சாவது, அறிவுரைக்கு முன்னால ஒரு கேள்வி. "நான் கேட்டுட்டு மட்டும் இருக்கட்டுமா, இல்ல ஏதாவது செய்யணுமா?" நான் லிங்க் அனுப்பறதை நிறுத்திட்டு இதைக் கேட்க ஆரம்பிச்சேன். முக்கால்வாசி நேரம் அவன் சொன்ன பதில், "சும்மா லைன்ல இருக்கா."

வீட்டுப் பேச்சு போதாதப்ப

வீட்டுச் சூழல் சிகிச்சைக்குத் துணை; சிகிச்சைக்கு மாற்று இல்ல. ரெண்டு வாரத்துக்கு மேல, பெரும்பாலான நாள் மனசு சோர்ந்து கிடக்கு, பிடிச்ச விஷயத்துலகூட நாட்டம் இல்ல, தூக்கமும் பசியும் மாறிப் போச்சுன்னா மருத்துவரைப் பாருங்க. 2015-16ல நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நம்ம நாட்டுல 20 பேரில் ஒருத்தருக்கு வாழ்க்கையில எப்பவாவது டிப்ரஷன் வந்திருக்கு. ஒரு தெருவுல 20 வீடு இருந்தா, யாரோ ஒருத்தர் வீட்ல மட்டும் இருக்கிற ரகசியம் இல்ல இது.

பணம் பத்தி யோசிக்கறவங்களுக்கு: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல மனநலப் பிரிவு உண்டு. எங்க மாவட்டத்துல விருதுநகர் மருத்துவக் கல்லூரி 2022ல திறந்தாச்சு. மாத்திரை எழுதிக் குடுத்தா மறுநாளே மாற்றம் வராது. டிப்ரஷன் மாத்திரை வேலை செய்ய சில வாரம் ஆகும். 'பரவாயில்ல ஆயிடுச்சு'ன்னு நீங்களா நிறுத்தாதீங்க.

கடைசியா, எல்லாரும் கேக்கத் தயங்கற ஒரு கேள்வி. "உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா?" இப்படிக் கேட்டா இல்லாத எண்ணம் வந்துடும்னு பயப்படுவோம். அப்படி வராது. கேட்டா பல பேருக்கு, அப்பாடா, யாரோ கேட்டுட்டாங்கன்னு பாரம் குறையும். ஆமான்னு பதில் வந்தா தனியா விடாதீங்க. உடனே உதவி தேடுங்க. டெலி மானஸ் எண் 14416. 2022 அக்டோபர்ல இருந்து இயங்குது. 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். வீட்ல பார்த்துக்கறவங்களும் கூப்பிடலாம்.

தம்பி இப்ப எப்படி இருக்கான்னு கேப்பீங்க. மாத்திரை எடுத்துட்டு இருக்கான். சில நாள் நல்லா இருக்கும், சில நாள் இருக்காது. முழுநைட் முடிச்சு அப்பா வர்ற நேரத்துக்கு அவன்தான் இப்ப டீ போடறான், அதுவும் எல்லா நாளும் இல்ல. டீ இல்லாத அன்னிக்கு அப்பா மாடியைப் பார்த்துச் சத்தம் போடறதில்ல. அடுப்பைப் பத்த வெச்சு ரெண்டு டம்ளர் போடறார். ஒண்ணை மூடி வெச்சுட்டுத் தூங்கப் போறார்.

அடுத்த வாரம் சந்திக்கலாம். இதை உங்க வீட்டு குரூப்ல போடறதுக்கு முன்னாடி, சம்பந்தப்பட்டவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.