நாணயங்கள் கூறும் அரபு நாட்டு வரலாறு

ஏட்டில் எழுதப்பெறும் வரலாறு எழுதுவோரின் காலத்தையும் சார்பையும் பொறுத்து வேறுபடும். மன்னர் வாழ்ந்த நாளிலேயே வார்க்கப்பெற்று மக்கள் கைகளில் புழங்கிய நாணயமோ அந்நாளின் நேர்ச்சான்றாக நிற்கின்றது. அரபு நாட்டு வரலாற்றுக்கு அச்சான்று துணைபுரியுமாற்றை ஈண்டுக் காண்போம்.

இஸ்லாத்திற்கு முன்னர்த் தென்னரபு நாட்டார் ஏதென்ஸ் நகரின் ஆந்தை பொறித்த வெள்ளிக்காசுகளைப் பின்பற்றித் தம் காசுகளை அமைத்தனர். நறுமணப் பொருள் வாணிகம் அவர்களை மத்தியதரைக் கடலோடு பிணைத்திருந்ததை இதனால் அறிகின்றோம். வடக்கே நபத்திய மன்னர்கள் வெளியிட்ட காசுகள், கி.பி. 106இல் அந்நாடு உரோமர் வசமானதும் நின்றுபோயின.

பின்னர் ஹிஜாஸில் உரோமப் பொற்காசும் பாரசீக வெள்ளிக்காசும் புழங்கின. தீனார் இலத்தீன் வழியும் திர்ஹம் கிரேக்க வழியும் வந்த சொற்களே. பாரசீகம் முஸ்லிம்கள் வசமான பின்னும், பழைய மன்னர் உருவத்தோடு ஓரத்தில் ‘பிஸ்மில்லாஹ்’ பொறித்த காசுகள் வெளிவந்தன. ஆட்சி மாறினும் அங்காடி குலையாதிருந்தமைக்கு இது சான்றாகும்.

ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696–697) கலீஃபா அப்துல் மலிக், உருவங்களை நீக்கிக் கலிமாவும் திருக்குர்ஆன் வசனங்களும் ஆண்டும் மட்டுமே பொறித்த தீனாரை வெளியிட்டார். அதன் எடை 4.25 கிராம். ஸகாத்துக்குரிய 20 தீனாரை 85 கிராம் பொன்னென அறிஞர் பலர் கணிப்பது இவ்வெடையைக் கொண்டேயாம். ஆக, பழங்காசின் எடை இன்றைய ஏழையின் உரிமையையும் தொடுகின்றது.

ஹிஜ்ரி 105ஆம் ஆண்டுத் தீனார் ஒன்றில் ‘ஹிஜாஸிலுள்ள அமீருல் முஃமினீன் சுரங்கம்’ என்னும் வாசகம் காணப்பெறுகின்றது. ஹிஜாஸில் பொன் அகழப்பெற்றதையும், அச்சுரங்கம் கலீஃபாவுக்கு உரியதாயிருந்ததையும் இச்சிறு வாசகமே நமக்கு உணர்த்துகின்றது.

எனினும், காசின் வாசகம் ஆள்வோரின் உரிமைக் கூற்றே. அதன் எடையும் மாற்றுமே அவ்வாட்சியின் உண்மை நிலையைக் காட்டும் உரைகல். எனவே, பழங்காசு ஒன்றைப் பொன் விலைக்கு உருக்குவது வரலாற்றேட்டின் ஒரு பக்கத்தைக் கிழிப்பதற்கு ஒப்பாகும். அத்தகைய காசு நம் இல்லங்களில் இருக்குமாயின், அதனைப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுதல் நம் கடமை. தமிழில் ‘நாணயம்’ காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். வரலாறு கற்கும் நமக்கு இரண்டும் வேண்டும்.