பழைய எந்திரம், புதிய நினைவு – 11: தையலுக்கு மூன்று பைட்

ஃபிளாப்பியின் கதையைப் போன வாரமே முடித்துவிட்டோம். சோனி 2011 மார்ச்சோடு ஜப்பானில் விற்பனையை நிறுத்தியதும், அதை நம்பிய எந்திரங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதும் உங்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் கோயம்புத்தூர் சி.என்.சி. லேத்துகள் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் கரோல் பாக் குறுக்கே வந்துவிட்டது.

டெல்லித் தமிழ்க் குடும்பங்கள் ஒரு காலத்தில் நெருக்கமாக வாழ்ந்த பேட்டை அது. இன்று அங்கே டேங்க் ரோட்டில் எங்கு பார்த்தாலும் ஜீன்ஸ் மொத்தக் கடைகள். அந்தப் பக்கத்து மாடி ஒன்றில், ஜீன்ஸின் பின் பாக்கெட்டுக்குப் பூவேலை போடும் ஜப்பான் எம்ப்ராய்டரி மெஷின் ஒன்றைப் பார்த்தேன். வரிசையாகத் தலைகள், அத்தனையும் ஒரே டிசைனை ஒரே நேரத்தில் தைக்கின்றன. ஊசி மேலும் கீழும்தான் போகும். நகர்வதெல்லாம் துணி மாட்டிய ஃபிரேம். மோட்டார் திடம், தலைகள் திடம். கெட்டது ஃபிளாப்பி டிரைவ் ஒன்றுதான். டெனிம் பஞ்சும் எண்ணெய்ப் பிசுக்கும் டிரைவுக்குள் போய் அப்பிக்கொண்டால் அது எத்தனை நாள் தாங்கும்?

இதற்காக மெஷினையே கழித்துக்கட்டச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. சில ஆயிரம் ரூபாய்க்குள் தீர்கிற கோளாறு இது. ‘கோடெக்’ என்று கடைகளில் கேட்டால் தருவார்கள்: பழைய டிரைவின் அதே அளவு, அதே திருகுத் துளைகள், பின்னால் அதே 34 முனை ரிப்பன் கேபிள். முன்பக்கம் மட்டும் வேறு. ஃபிளாப்பி வாய்க்குப் பதில் பென்டிரைவ் செருகும் இடம், இரண்டு பொத்தான், மூன்று இலக்கத் திரை. பென்டிரைவை அது நூற்றுக்கணக்கான ஃபிளாப்பிகளாகப் பிரித்துக்கொள்ளும். பொத்தானை அழுத்தினால் 000, 001, 002 என்று ‘டிஸ்க்’ மாறும்.

மெஷினுக்கு எதுவும் தெரியாது. நிஜ டிரைவில் தட்டு நிமிடத்துக்கு 300 முறை சுழலும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துடிப்பு, அதாவது 200 மில்லிசெகண்டுக்கு ஒன்று, மெஷினுக்குப் போகும். கோடெக்கில் சுழல ஒன்றுமே இல்லை. ஆனாலும் அதன் சிப் அதே துடிப்பைக் காலம் தவறாமல் அனுப்புகிறது. மெக்கானிக் முதல்முறை மாட்டியபோது திரையில் எண் வந்தது, மெஷின் மட்டும் டிஸ்க் இல்லை என்றது. “பாய்சாப், ஜம்பர் மாத்தணும்” என்று, நகத்தளவு பிளாஸ்டிக் மூடியை ட்வீசரால் பிடுங்கிப் பக்கத்துப் பின்னில் செருகினார். டிசைன் பட்டியல் வந்துவிட்டது. கம்ப்யூட்டருக்கும் தொழிற்சாலை மெஷின்களுக்கும் டிரைவ் எண்ணைச் சொல்லும் முறை மாறுபடும். 34-ஆம் முனையின் வேலையும் சிலவற்றில் வேறு. புதிதாகப் போட்டது வேலை செய்யவில்லை என்று திருப்பிக் கொடுப்பதற்கு முன் இந்த இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

இதோடு லேத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் அந்த டிசைன் ஃபைல் ஒன்றைத் திறந்து பார்த்தேன். அதிலிருந்து மீள முடியவில்லை.

எம்ப்ராய்டரித் தொழிலில் பரவலாகப் புழங்குவது ஜப்பானின் டஜிமா நிறுவனத்து டி.எஸ்.டி. வடிவம். துளையிட்ட காகித நாடாவின் காலத்திலிருந்து வருவது. முதல் 512 பைட் டிசைன் பெயர், தையல் எண்ணிக்கை போன்ற விவரம். பிறகு ஒரு தையலுக்கு மூன்றே பைட். ஃபிரேம் ஒரு தையலில் அதிகபட்சம் 12.1 மில்லிமீட்டர் நகரலாம். ஏன் 12 இல்லை, 12.1?

கரோல் பாக்கின் பேங்க் ஸ்ட்ரீட் முழுக்க நகைக்கடைகள். அங்கே தராசு ஒன்றை வைத்து யோசியுங்கள். 1, 3, 9, 27, 81 என ஐந்தே எடைக்கற்கள். இரண்டு தட்டிலும் கல் வைக்கலாம். 1 முதல் 121 வரை எந்த எடையையும் நிறுத்துவிடலாம். 50 வேண்டுமா? ஒரு தட்டில் 81; பொருளோடு சேர்த்து மறு தட்டில் 27, 3, 1. பாஷே என்ற பிரெஞ்சுக்காரர் 1612-இல் அச்சிட்ட கணிதப் புதிர் நூலில் இந்தக் கணக்கு இருக்கிறது. மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் புருசென்ட்சோவ் 1958-இல் உருவாக்கிய ‘செதுன்’ கம்ப்யூட்டர் முழுக்க இந்த முறையில்தான் ஓடியது.

டஜிமா ஃபைலும் அதேதான். எடையின் ஓர் அலகுக்கு 0.1 மில்லிமீட்டர் கணக்கு. ஐந்து கல், கூட்டவோ கழிக்கவோ: பக்கவாட்டுக்குப் பத்து பிட், முன்பின்னுக்குப் பத்து பிட். தைக்காமல் தாண்டு என்பதற்கு ஒன்று, நூலை மாற்று என்பதற்கு ஒன்று, எப்போதும் மாறாத இரண்டு. மொத்தம் 24 பிட், சரியாக மூன்று பைட். 14,74,560 பைட் கொண்ட ஒரு ஃபிளாப்பியில் ஏறக்குறைய 4,90,000 தையல் அடங்கும். பாக்கெட் பூவுக்கு ஐயாயிரம் தையல் என்று வைத்தால், 15,512 பைட்டில் வேலை முடிந்தது.

நிறத்துக்கு மட்டும் இதில் இடமில்லை. நூலை மாற்று என்று ஃபைல் சொல்லும்; எந்த நூல் என்று சொல்லாது. சிவப்பா நீலமா என்பது மாஸ்டரின் நோட்டுப் புத்தகத்தில்தான் இருக்கிறது. அந்த நோட்டைத் தொலைத்தால் எந்தப் பென்டிரைவும் உதவாது.

லேத்தும் ஆர்.எஸ்.232 கேபிளும் அடுத்த வாரம். அதற்குள் ஒரு வேண்டுகோள். திருப்பூரிலோ சூரத்திலோ ஃபிளாப்பி மெஷின் வைத்திருக்கும் வாசகர்கள், டிரைவ் கெடும்வரை காத்திருக்காதீர்கள். பழைய மெஷின்கள் சில, கம்ப்யூட்டருக்குப் புரியாத தங்கள் சொந்த வடிவத்தில் எழுதியிருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். டிசைன்களுக்கு முன்னால் மெஷினோடு வந்த சிஸ்டம் டிஸ்க்கை நகலெடுங்கள். டிசைனைத் திரும்ப வரையலாம், அந்த டிஸ்க்கை வரைய முடியாது.