எலிவால் முள்ளங்கி

எலிவால் முள்ளங்கி என்பது கிழங்குக்காக அன்றி, இளங்காய்களுக்காகப் பயிரிடப்படும் ஒரு முள்ளங்கி வகை ஆகும். இது கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியலில் ராபனஸ் சட்டைவஸ் என்னும் முள்ளங்கி இனத்தின் காடேட்டஸ் வகையாக இது கொள்ளப்படுகிறது. காடேட்டஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'வாலுடையது' என்று பொருள். நுனி கூர்ந்து நீண்டு தொங்கும் காய்களே இப்பெயருக்குக் காரணம். இது குசராத்தில் மோக்ரி என்றும், பஞ்சாபில் முங்ரே என்றும் அழைக்கப்படுகிறது.

இயல்புகள்

சாதாரண முள்ளங்கி வெப்பம் மிகுந்து பகல் நீளும்போது பூந்தண்டு விடும். அப்போது கிழங்கு நார் பாய்ந்து சக்கையாகிவிடுவதால் அது உழவருக்கு இழப்பாகும். எலிவால் முள்ளங்கியிலோ பூப்பதே பயனாகும். இதன் வேர் பருப்பதில்லை. செடி ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்து கிளைத்து, நான்கு இதழ்கள் கொண்ட வெண்ணிற அல்லது இளம் ஊதாநிறப் பூக்களைத் தரும். காய்கள் பச்சையாகவோ ஊதாவாகவோ இருக்கும். பொதுவாக 20 முதல் 30 செ.மீ. வரை நீளும்.

எல்லா முள்ளங்கிகளின் இளங்காய்களும் உண்ணத்தக்கவையே. எனினும் பிற வகைகளின் காய்கள் குட்டையானவை; விரைவில் முற்றிவிடுபவை.

வளர்ப்பு

விதைகளை நேரடியாக நிலத்தில் ஏறத்தாழ 1 செ.மீ. ஆழத்தில் விதைத்து, பின்னர் செடிகளுக்கிடையே 30 செ.மீ. இடைவெளி இருக்குமாறு கலைத்துவிட வேண்டும். காய்களின் பாரத்தால் செடி சாயக்கூடும் என்பதால் ஊன்றுகோல் நடுவது நல்லது. விதைத்த இரண்டு மாத அளவில் காய் பறிக்கத் தொடங்கலாம்.

முள்ளங்கிப் பூ பொதுவாகத் தன் மகரந்தத்தை ஏற்பதில்லை. எனவே ஒரே ஒரு செடியை வளர்த்தால் காய்ப்பு மிகக் குறைவாக இருக்கும்; பல செடிகளும் அவற்றிடையே மகரந்தம் கொண்டு செல்லும் தேனீக்களும் தேவை. பூங்கொத்துகளில் அசுவினி பற்றும்போது பூச்சிக்கொல்லி தெளித்தால் தேனீக்களும் மடிந்து விளைச்சல் குறையும். தொடக்க நிலையில் நீரைப் பீய்ச்சி அசுவினியை அகற்றலாம்.

காய்கள் எளிதில் ஒடியும் பருவத்திலேயே, இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை பறிக்க வேண்டும். முற்றவிட்டால் நார் மிகும். செடியும் விதையாக்கத்தில் முனைந்து புதிய பூக்களைக் குறைத்துக்கொள்ளும்.

உணவுப் பயன்பாடு

குசராத்தில் இக்காய்களை நறுக்கித் தயிரில் கலந்து பச்சடியாக உண்பர். பஞ்சாபில் உருளைக்கிழங்குடன் சேர்த்துச் சமைப்பர். வட தாய்லாந்தில் பூங்கொத்தையும் இளங்காயையும் அவித்து மிளகாய்த் துவையலுடன் உண்கின்றனர். செருமனியில் முள்ளங்கிக் காய்களைப் பியருடன் உண்ணும் வழக்கம் உண்டு. மேலைநாட்டு விதைப் பட்டியல்களில் 'மெட்ராஸ் பாடிங்' என்று சென்னையின் பழைய பெயரைத் தாங்கிய காய் முள்ளங்கி ஒன்றும் காணப்படுகிறது.

காயை நறுக்கும்போதோ மெல்லும்போதோ அதன் திசுக்கள் சிதைகின்றன. அப்போது குளுக்கோசினோலேட்டுகள் என்னும் சேர்மங்கள் நொதியுடன் கலந்து காரச்சுவையை உண்டாக்குகின்றன. வெப்பம் இந்நொதியைச் செயலிழக்கச் செய்வதால் சமைத்த காயில் காரம் குறைகிறது.

விதை சேகரிப்பு

நல்ல காய்களை எல்லாம் உண்டுவிட்டு, கடைசியில் எஞ்சியவற்றை விதைக்கு விடுவது தவறு. நீண்ட, நார் குறைந்த காய் தரும் செடிகள் சிலவற்றைத் தொடக்கத்திலேயே தெரிந்தெடுத்துப் பறிக்காமல் விட வேண்டும். உலர்ந்த நெற்று கடுகைப் போல் வெடிப்பதில்லை. ஆதலால் அதை நசுக்கியே விதையைப் பிரிக்க வேண்டும்.

இவ்வகை பிற முள்ளங்கிகளுடன் எளிதில் கலப்புறும். அருகில் கிழங்கு முள்ளங்கி பூத்திருந்தால், சேகரித்த விதையில் வெளிப்படையாக எந்த வேறுபாடும் தெரியாது. அடுத்த தலைமுறையில்தான் காய் குட்டையாகிக் கலப்பு வெளிப்படும். இந்தியாவில் சான்று பெற்ற முள்ளங்கி விதை உற்பத்திக்கு, பிற முள்ளங்கி வயல்களிலிருந்து 1,000 மீட்டர் இடைவெளி விதிக்கப்படுவதும் இத்தகைய கலப்பைத் தவிர்க்கவே. வீட்டுத் தோட்டத்தில் அவ்வளவு இடைவெளி அரிது. ஆகவே தன் விதையைத் தானே பேணுவோர், அருகிலுள்ள பிற முள்ளங்கிகளைப் பூக்கும் முன்பே பிடுங்கிவிடுவது இவ்வகை கலப்பின்றி நிலைக்க உதவும்.