டிராக்டருக்குள் ஒரு பூட்டு

சென்னை கிண்டி தொழிற்பேட்டை 1958-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இத்தகைய பேட்டைகளில் உள்ள லேத் பட்டறைகளில் மாதிரியைக் கொடுத்தால் புஷ், ஷாஃப்ட், பல்சக்கரம் எதையும் கடைந்து தருவார்கள். கைதேர்ந்த மெக்கானிக் ஒருவரும் இருந்துவிட்டால், நின்றுபோன டிராக்டர் விரைவிலேயே வயலில் இறங்கிவிடும். புதிதாக வரும் பெரிய டிராக்டர்களுக்கு இது மட்டும் போதாது.

1.1.2023 முதல் 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 'டிரெம் 4' என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி நம் நாட்டில் அமலில் உள்ளது. இதற்காகப் பெரும்பாலானவற்றில் 'காமன் ரெயில்' முறையில் டீசல் செலுத்தப்படுகிறது. எப்போது, எவ்வளவு டீசல் என்பதை இ.சி.யு. என்னும் சிறு கம்ப்யூட்டர் பெட்டி தீர்மானிக்கிறது. இவ்வகை இன்ஜின்கள் பலவற்றில் இன்ஜெக்டரின் மேல் ஒரு குறியீட்டு எண் பொறித்திருக்கும். இன்ஜெக்டரை மாற்றினால் புதியதன் எண்ணை ஸ்கேனர் மூலம் பெட்டியில் பதிய வேண்டும். பதியாவிட்டால் இன்ஜின் சீராக ஓடாது, புகை தள்ளும். டீசல் அளவு துல்லியமாக இருக்க இது அவசியமே. ஆனால் அந்த ஸ்கேனர் கம்பெனி ஆளிடம் மட்டும் இருந்தால்தான் தொல்லை. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்கும், தண்ணீர் முறை முடியப்போகும். அவர் வரும்வரை டிராக்டர் சேற்றில் நிற்கும்.

அமெரிக்க விவசாயிகள் இதில் வெகுவாக அடிபட்டவர்கள். டிராக்டரை வாங்கியவருக்கு அதன் உள்ளிருக்கும் மென்பொருளைப் பயன்படுத்த அனுமதி மட்டுமே உண்டு என்று ஜான் டீர் நிறுவனம் 2015-இல் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகத்திடம் வாதாடியது. 2023-இல் கொலராடோ மாநிலம், விவசாய இயந்திரங்களைப் பழுது பார்க்கும் கருவிகளையும் விவரங்களையும் விவசாயிக்குத் தரவேண்டும் என்று சட்டம் இயற்றியது. 2022-இல் உக்ரைனில் ரஷ்யப் படையினர் டீலரிடமிருந்து கொண்டுபோன இயந்திரங்கள் தொலைவிலிருந்தே பூட்டப்பட்டன. திருடனுக்கு அது சரிதான். எனினும், வாங்கியவர் வண்டியையும் அவ்வாறு பூட்ட முடியும் என்பதை மறக்கலாகாது.

நம் நாட்டில், உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கொடுக்க மறுத்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014-இல் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஆராய மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் அமைத்த குழு எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று.

சிறு விவசாயிகள் வாங்கும் 50 குதிரைத் திறனுக்கு உட்பட்ட டிராக்டர்களில் பெரும்பாலும் பழைய பம்ப், நாசில் முறையே உள்ளது. கூட்டாகச் சேர்ந்தோ, வாடகைக்கு விடவோ பெரிய வண்டி வாங்குவோர் முன்கூட்டியே டீலரிடம் சில விவரங்கள் கேட்க வேண்டும். இ.சி.யு. உண்டா? ஸ்கேனர் உள்ள ஆள் எந்த ஊரில் இருக்கிறார், அழைத்தால் எத்தனை நாளில் வருவார்? வெளி மெக்கானிக்குக் கருவி விற்பார்களா? வாரண்டி முடிந்தபின் அதற்குக் கட்டணம் எவ்வளவு? வாய்ப்பேச்சோடு விடாமல், பதிலைக் கொட்டேஷனிலேயே எழுதிக் கையொப்பமிட்டுத் தரச்சொல்வது நலம்.