பெயர் வெட்டிய சம்புடம்

கும்பகோணத்தில் அத்தை வீட்டுப் பரணை ஒழித்தபோது கூடத்தில் இரண்டு குவியல்கள் சேர்ந்தன. ஒன்று எவர்சில்வர்: சம்புடம், தூக்கு, ஐந்தடுக்கு, மூடி திருகும் கூஜா. எல்லாவற்றின் விளிம்பிலும் புள்ளி புள்ளியாக எழுத்து. இன்னார் கொடுத்தது, இந்த விசேஷத்துக்கு, இந்தத் தேதியில். மற்றது அட்டைப்பெட்டிக் குவியல். ஜிகினாத் தாள்கூடப் பிரிக்காத சுவர்க் கடிகாரங்கள் நான்கு, கண்ணாடிக் கிண்ண செட் மூன்று, ட்ரை ஃப்ரூட் தீர்ந்துபோன பிளாஸ்டிக் தட்டுகள், தாம்பூலப் பைக்குள் மடித்து வைத்த தாம்பூலப் பைகள்.

எவர்சில்வர் குவியலின் பக்கத்தில் அத்தை உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். "இது சின்ன மாமா, என் வளைகாப்புக்கு. பாவம், அப்ப அவருக்கு வேலைகூட இல்ல." "இது எதிர்வீட்டு மாமி, காலி பண்ணிட்டுப் போறப்போ." கடிகாரங்களைக் காட்டி, "இதெல்லாம் யாரு அத்தை?" என்றேன். "யாரோ தீபாவளிக்குக் குடுத்தது" என்றார். நாலு கடிகாரத்துக்கும் அதே பதில்தான்.

பாத்திரக் கடையில் வாங்கியதும் பெயர் வெட்டித் தரச் சொல்வது நம் ஊர்ப் பழக்கம். முன்பு சிற்றுளியும் சுத்தியும். பிறகு கிர்ரென்று சத்தமிடும் மின்சாரப் பேனா. கோணல் எழுத்து, சில சமயம் பிழையான எழுத்து. என் தாத்தா பெயரில் ஒரு கால் விடுபட்ட அண்டா இன்றைக்கும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அந்த வெட்டுக்கு ஒரு குணம் உண்டு. பெயர் வெட்டிவிட்டால் அதை இன்னொருவர் தலையில் கட்ட முடியாது. வந்த பரிசு வந்த வீட்டிலேயே நின்றாக வேண்டும்.

இன்றைய தீபாவளிப் பரிசுக்கோ ஓரிடத்தில் நிற்காமல் இருப்பதுதான் அழகு. சோன் பப்டிப் பெட்டியைப் பற்றி ஆண்டுதோறும் கைபேசியில் சுற்றும் நகைச்சுவைகளை எல்லோரும் பார்த்திருப்போம். அந்த இனிப்பின் மேல் எனக்குக் கோபமில்லை. இரவில் மணியடித்துக்கொண்டு வரும் தள்ளுவண்டியில், காகிதக் கூம்பில் வாங்கித் தின்றால் அதன் ருசியே தனி. ஈரப்பசை குறைவு என்பதால் மாதக்கணக்கில் கெடாது. எடை குறைவு, பெட்டி பெரிது, விலை மலிவு. கை மாறிக்கொண்டே இருப்பதற்கு வேண்டிய தகுதியெல்லாம் அதற்கு இருக்கிறது, அவ்வளவுதான். பால் இனிப்புகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கடையில் உதிரியாக விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்கச் சொல்லி 2020 அக்டோபரில் விதி வந்தது. பால் இனிப்புக்கு அந்தத் தேதி சில நாளிலேயே வந்துவிடும். சாப்பிட்டாக வேண்டும், அல்லது அன்றைக்கே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாக வேண்டும்.

பரிசுகள் இப்படி வீணாவதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர் ஒருவர் உண்டு. ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர். 1993இல், தன் மாணவர்களிடம் கிறிஸ்துமஸுக்கு வந்த பரிசுகளின் விலை என்ன இருக்கும், உங்களுக்கு அது எவ்வளவு பெறும் என்று கேட்டார். வாங்கியவர் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை காற்றோடு போகிறது என்று கணக்குச் சொன்னார். நண்பர்கள் கொடுத்தவை ஓரளவு தேறின; தாத்தா பாட்டி, மாமா அத்தை போன்ற உறவினர் கொடுத்தவை மோசம். அந்தக் கணக்கை நீட்டினால் ரொக்கமாகக் கொடுப்பதே உத்தமம் என்றாகும்.

நம்மூர்க் கல்யாண மண்டப வாசலில் மொய் நோட்டோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர் இதைக் கேட்டால் சிரிப்பார். நூற்றொன்று, ஐந்நூற்றொன்று என்று எழுதி, வாங்கியதைத் திருப்பிச் செய்யும் முறை நமக்குப் பழசு. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் வாங்குவதற்கென்றே கறி விருந்து வைப்பார்கள். அங்கே யாரும் அதை அன்பளிப்பு என்று பூசி மெழுகுவதில்லை. அது கைமாற்று, வட்டியில்லாக் கடன், திருப்பிச் செய்யாவிட்டால் தகராறு. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் வால்ட்ஃபோகல் கேட்ட கேள்வியில் ஒரு நிபந்தனை இருந்தது. உணர்ச்சி மதிப்பைக் கழித்துவிட்டு விலை சொல்லுங்கள் என்றுதான் மாணவர்களைக் கேட்டார். அதைக் கழித்துவிட்டால் அத்தையின் சம்புடத்தில் மிஞ்சுவது பழைய எவர்சில்வர், எடைக்கு எடை. கடிகாரமோ கழித்தாலும் கழிக்காவிட்டாலும் ஒன்றுதான். அவர் எதைக் கணக்கில் சேர்க்கவில்லையோ அதற்காகத்தான் நாம் பரிசு என்ற ஒன்றையே கொடுக்கிறோம்.

தமிழில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: கொடைமடம். மடம் என்றால் இங்கே அறியாமை. முல்லைக்கொடிக்குத் தேரையும் மயிலுக்குப் போர்வையையும் கொடுத்த பாரி, பேகன் போன்றவர்களின் கொடையை அப்படித்தான் சொன்னார்கள். பேகனைப் பாடும் பரணரின் புறநானூற்றுப் பாட்டில், 142ஆம் பாட்டில், இந்தச் சொல் வருகிறது. தேவைக்குப் பொருந்தாத பொருளைக் கொடுத்த பித்து என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். எனக்கு வேறொன்றும் தோன்றும். பேகன் அந்த மயிலைப் பார்த்தான், அதற்குக் குளிரும் என்று நினைத்தான். பாரி, பற்றிக்கொள்ள ஏதுமின்றி ஆடிய கொடியைப் பார்த்தான். பொருள் தப்பாக இருக்கலாம், பார்வை தப்பவில்லை. நம்மிடம் மடம் இருக்கிறது. அந்தப் பார்வையைத்தான் காணோம். ஐம்பது பெட்டி மொத்தமாகச் சொல்லிவிட்டு, யாருக்கு எது என்றுகூடப் பிரிக்காமல், டிக்கியில் அடுக்கிக்கொண்டு கிளம்புகிறோம்.

தீபாவளிப் பரிசுகளை நிறுத்திவிடலாமா என்று எங்கள் வீட்டில் இரண்டு வருஷத்துக்கு முன் பேசினோம். பேசுவது சுலபமாக இல்லை. "ஒண்ணும் செய்ய வேண்டாம்னா, அவங்க செஞ்சதை வாங்கிக்கிட்டு சும்மா இருக்கிறதா?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. பக்கத்து வீட்டிலிருந்து பாயசம் வந்த கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது, ஒரு கரண்டி சர்க்கரையாவது போட்டுக் கொடுக்க வேண்டும் என்று வளர்ந்தவர் அவர். எனவே நிறுத்துவது என்ற பேச்சை விட்டோம். பெரியவர்கள் பதினான்கு பேருடைய பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கினோம். ஆளுக்கு ஒரு சீட்டு. அந்தச் சீட்டில் இருப்பவருக்கு மட்டும் ஒரே ஒரு பொருள். குழந்தைகளுக்குத் துணியும் பட்டாசும் வழக்கம்போல. பட்சணம் வீட்டில் செய்தது மட்டும், சம்புடத்தில் போட்டு, காலிச் சம்புடத்தைத் திருப்பித் தரும் நிபந்தனையோடு.

அந்த நிபந்தனையால் என்ன ஆயிற்று என்றால், சம்புடங்கள் எதுவும் காலியாகத் திரும்பவில்லை. ஒன்றில் ரிப்பன் பக்கோடா, ஒன்றில் அடுத்த தெரு மாமி அரைத்த தீபாவளி லேகியம். அம்மாவுக்கு அதில் பெரிய வெற்றிச் சிரிப்பு.

சீட்டில் எனக்கு வந்தது மாமனார் பெயர். இருபது வருஷமாக அவருக்கு வேட்டியும் சட்டையும் வாங்கிக் கொடுத்தே பழகியவன், முதல் முறையாக உட்கார்ந்து யோசித்தேன். பழைய தீபாவளி மலர்கள் என்றால் அவருக்கு உயிர். கலைமகள், கல்கி, ஆனந்த விகடன் என்று வாங்கிச் சேர்த்தவர், வீடு மாறியபோது இழந்துவிட்டார். பழைய புத்தகக் கடைகளில் மூன்று வாரம் அலைந்து ஒரே ஒரு மலர் தேற்றினேன், அட்டை போனது. சட்டை விலையில் பாதிகூட ஆகவில்லை. அவர் அதைக் கையில் வாங்கியதும் முதலில் பார்த்தது விளம்பரப் பக்கங்களை. அன்றைக்கு மத்தியானம் தூங்கவில்லை.

துணிதான் எடுக்க வேண்டுமென்றாலும் வழி இருக்கிறது. 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ், சில ஆண்டுகளுக்கு முன் சேலைகளோடு ஒரு அட்டையைச் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தது. அதை நெய்தவரின் படமும் பெயரும் அதில் இருக்கும். வாங்குகிறவர், கட்டுகிறவர் என்று இரண்டு பேர் இருந்த இடத்தில் மூன்றாவதாக ஒருவரும் வந்து நிற்கிறார். சம்புடத்து எழுத்துக்கு இது தங்கை முறை.

குறைக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கை வைப்பது தப்பான இடத்தில் என்பதையும் சொல்லியாக வேண்டும். சம்பந்தி வீட்டுக்குப் போகும் தட்டு குறையாது. வீட்டுவேலை செய்யும் அம்மாவுக்குக் கொடுக்கும் புடவைதான் மலிவாகும். தொழிற்சாலையில் போனஸ் குறைந்தது 8.33 சதவீதம் என்று சட்டம் வகுத்திருக்கிறது. நம் வீட்டுச் சமையலறைக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அவருக்குக் கொடுப்பது பரிசே இல்லை, பாக்கி. ஒரு மாதச் சம்பளத்தைப் பணமாக, தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே கொடுத்துவிட வேண்டும். முதல் நாள் ராத்திரி கொடுத்தால் அவர் எப்போது கடைக்குப் போவார், தையல்காரர் எப்போது தைத்துத் தருவார்? தலைதீபாவளிச் சீரும் இப்படித்தான், பரிசுக் கணக்கில் சேராது. பெண்ணைப் பெற்றவர் கடன் வாங்கிச் செய்யும் மோதிரத்தை எளிமையாக்க வேண்டியதில்லை. மாப்பிள்ளை வேண்டாம் என்று சொன்னால் போதும்.

மறுபடி பரிசுக்கே வருவோம். இங்கிலாந்து இளவரசி எலிசபெத்துக்கு 1947 நவம்பரில் கல்யாணம் நடந்தபோது 2,500க்கு மேல் பரிசுகள் வந்து குவிந்தன. அவற்றில் ஒன்று காந்தி அனுப்பியது. கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது என்று அவர் தயங்க, ராட்டை இருக்கிறதே என்று மவுண்ட்பேட்டன் சொன்னதாக அந்தக் குடும்பத்தார் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். தன் கையால் நூற்ற நூலில் பின்னிய ஒரு சின்னத் துணி, நடுவில் ஜெய் ஹிந்த் என்ற எழுத்து. கண்காட்சியில் அதைப் பார்த்த பாட்டி ராணி மேரி, காந்தியின் கோவணம் என்று நினைத்து முகம் சுளித்தாராம். எழுபது வருஷம் கழித்து, 2018இல் இந்தியப் பிரதமர் லண்டன் போனபோது, எலிசபெத் ராணி எடுத்துக் காட்டியது அந்தத் துணியைத்தான். வைரமும் வெள்ளியும் எத்தனையோ வந்திருக்கும். இந்தத் துணியிலும் எழுத்து இருந்தது என்பது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

இந்த வருஷம் சீட்டில் எனக்கு அண்ணன் மகள் வந்தாள். பெங்களூரில் வேலை கிடைத்துத் தனியாக வீடு எடுத்திருக்கிறாள். கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடைக்குப் போய் டபரா டம்ளர் ஒரே ஒரு ஜோடி எடுத்தேன், கனமானதாக. பெயர் வெட்ட முடியுமா என்று கேட்டதும் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லையாம். உள்ளே எங்கிருந்தோ அந்தக் கிர்ர் பேனாவைத் தேடி எடுத்துவந்து, வயரில் படிந்த தூசியைத் தட்டினார்.

"பேரு மட்டும் போதுமா, குடுத்தவர் பேரும் போடணுமா?"

"ரெண்டும். தேதியும். முதல் வீடுன்னும் போடணும். எழுத்துக்கு எவ்வளவு ஆகும்?"

"எழுத்துக்கு என்ன சார் காசு? எவ்வளவு வேணும்னாலும் சொல்லுங்க" என்று டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விளிம்புல இடம் இருக்கிறவரைக்கும் வெட்டுறேன். அதுக்கு மேல டபரால தொடரும்னு போட்டுடலாம்."