டேனியல் பெல்கா வழக்கும் தவறவிடப்பட்ட எச்சரிக்கை அறிகுறிகளும்

டேனியல் பெல்கா (15 ஜூலை 2007 – 3 மார்ச் 2012) இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் வாழ்ந்த, போலந்துக் குடும்பத்தைச் சேர்ந்த சிறுவன். நான்கு வயது ஏழு மாதத்தில், பெற்ற தாயும் அவருடன் வாழ்ந்துவந்த ஆணும் செய்த தொடர் சித்திரவதையால் இறந்தான். இறப்பதற்கு முந்தைய மாதங்களில் காவலர்கள், மருத்துவர்கள், சமூகப் பணியாளர்கள், ஆசிரியர்கள் எனப் பலர் அவனை நேரில் பார்த்திருந்தனர். அவன் மெலிந்து போவதும், உடலில் காயங்கள் இருப்பதும் அவர்களில் சிலருக்குத் தெரிந்தே இருந்தது. ஆயினும் அவனை யாராலும் காப்பாற்ற முடியவில்லை. இதனால் குழந்தைப் பாதுகாப்பு பற்றிய பயிற்சிகளில் இவ்வழக்கு முக்கியமான பாடமாகக் கருதப்படுகிறது.

குடும்பப் பின்னணி

டேனியலின் தாய் போலந்திலிருந்து இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தவர். அவருடைய வாழ்வில் அடுத்தடுத்து வந்த துணைவர்களுடனான உறவுகளில் குடிப்பழக்கமும் அடிதடியும் இருந்தன. சில ஆண்டுகளுக்குள் அந்த வீட்டுச் சண்டைகள் தொடர்பாக 25-க்கும் மேற்பட்ட முறை காவல்துறை அழைக்கப்பட்டது. 2010-ஆம் ஆண்டில் தாயின் புதிய துணைவர் அந்த வீட்டுக்கு வந்தார். இவரே பின்னர் கொலைக் குற்றவாளியாகத் தண்டிக்கப்பட்டவர்.

காவலர்கள் ஒவ்வொரு முறை வந்தபோதும் அதைக் கணவன் மனைவி சண்டை போன்ற, பெரியவர்களுக்கு இடையிலான தகராறாகவே பார்த்தனர். அடிதடி நடக்கும் வீட்டில் வளரும் குழந்தைக்கு என்ன நேர்கிறது என்ற கேள்வி போதிய அளவில் எழவில்லை.

முறிந்த கை

2011 ஜனவரியில், மூன்றரை வயதில், டேனியல் இடது கை எலும்பு முறிந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டான். அது திருகு முறிவு. அதாவது எலும்பு முறுக்கப்பட்டது போன்ற முறிவு. உடலில் கன்றிய காயங்களும் இருந்தன. சோபாவிலிருந்து விழுந்துவிட்டான் என்று தாய் காரணம் கூறினார்.

மருத்துவமனையில் ஐயம் எழுந்தது. காவல்துறை, குழந்தைகள் நலத்துறை, மருத்துவர்கள் ஆகியோர் கலந்து பேசினர். தாய் கூறிய காரணம் நடந்திருக்கக்கூடியதே என்ற முடிவுக்கு வந்தனர். சமூகப் பணியாளர்கள் குடும்பத்தை மதிப்பிட்ட பிறகு, மேற்கொண்டு நடவடிக்கை தேவையில்லை என்று கோப்பு மூடப்பட்டது. "கை எப்படி முறிந்தது?" என்று அக்குழந்தையிடம், அவனுக்குத் தெரிந்த மொழியில், முறையாக யாரும் கேட்கவில்லை.

பள்ளியில் ஆறு மாதங்கள்

2011 செப்டம்பரில் டேனியல் தொடக்கப் பள்ளியின் ஆரம்ப வகுப்பில் சேர்ந்தான். ஆங்கிலம் மிகக் குறைவாகவே பேசினான். அமைதியான, தனித்திருக்கும் சிறுவனாக ஆசிரியர்களுக்குத் தெரிந்தான். விரைவிலேயே அவனிடம் ஒரு பழக்கம் கவனிக்கப்பட்டது. அவன் எப்போதும் உணவைத் தேடிக்கொண்டிருந்தான். மற்றக் குழந்தைகளின் சாப்பாட்டு டப்பாக்களிலிருந்து எடுத்து உண்டான். குப்பைத்தொட்டியில் கிடந்ததையும் எடுத்து வாயில் போட்டான்.

பள்ளி தாயிடம் விசாரித்தது. மகனுக்கு உணவு மீது தீராத வேட்கை உண்டு, அது ஒரு நோய், ஆகவே கூடுதலாக எதுவும் கொடுக்க வேண்டாம் என்று தாய் சொன்னார். பள்ளி அதை நம்பியது. பசித்த குழந்தைக்கு எட்டாதபடி உணவு பூட்டி வைக்கப்பட்டது.

இதே காலத்தில் அவன் முகத்திலும் கழுத்திலும் காயங்களைப் பள்ளிப் பணியாளர்கள் வெவ்வேறு நாள்களில் கண்டனர். அவை முறையாகப் பதிவாகவில்லை. ஒருவர் கண்டது மற்றவருக்குத் தெரியவில்லை. காயத்தைப் பார்த்தவர் அதைப் பசியோடு இணைக்கவில்லை. பசியைப் பார்த்தவர் அதைக் காயத்தோடு இணைக்கவில்லை. குழந்தைகள் நலத்துறைக்கு முறையான தகவல் எதுவும் செல்லவில்லை.

மருத்துவரின் பார்வையில்

2012 பிப்ரவரி 10 அன்று, இறப்பதற்கு ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு முன், குழந்தை மருத்துவர் ஒருவர் டேனியலைப் பரிசோதித்தார். எடை குறைவும் உணவு வேட்கையும் அவரிடம் தெரிவிக்கப்பட்டன. அவர் நோய்க் காரணங்களைத் தேடி, சில பரிசோதனைகளுக்கு ஏற்பாடு செய்தார். வேண்டுமென்றே பட்டினி போடப்படும் குழந்தையாக இருக்கலாம் என்ற எண்ணம் எழவில்லை. ஓராண்டுக்கு முன் முறிந்த கையும், பள்ளியில் காணப்பட்ட காயங்களும், காவல்துறையின் பதிவுகளும் ஒரே மேசையில் வைக்கப்பட்டிருந்தால் அந்தப் பரிசோதனை வேறு திசையில் சென்றிருக்கக்கூடும்.

இறப்பும் தீர்ப்பும்

வீட்டில் நடந்தவை நீதிமன்ற விசாரணையில் வெளிவந்தன. டேனியல் பட்டினி போடப்பட்டான். உப்பை வலுக்கட்டாயமாக உண்ண வைத்தனர். குளிர்ந்த நீரில் அமிழ்த்தினர். உள்ளிருந்து திறக்க முடியாத சிறு அறையில் அடைத்து வைத்தனர். 2012 மார்ச் 1 மாலையில் அவன் தலையில் பலத்த அடி விழுந்தது. 30 மணி நேரத்துக்கும் மேலாக அவனுக்கு மருத்துவ உதவி கிடைக்கவில்லை. மார்ச் 3 அதிகாலையில்தான் ஆம்புலன்ஸ் அழைக்கப்பட்டது. இறந்தபோது அவன் எடை ஏறத்தாழ 10 கிலோ மட்டுமே. அந்த வயதுக் குழந்தைகள் பொதுவாக 17 கிலோ அளவில் இருப்பார்கள்.

2013 ஜூலை 31 அன்று பர்மிங்காம் நீதிமன்றத்தில் தாயும் அவர் துணைவரும் கொலைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது. இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. குறைந்தது 30 ஆண்டுகள் சிறையில் கழிக்க வேண்டும் என்றும் ஆணையிடப்பட்டது. தாய் 2015-லும் துணைவர் 2016-லும் சிறையிலேயே இறந்தனர்.

மறுஆய்வு அறிக்கை

இங்கிலாந்தில் ஒரு குழந்தை வன்கொடுமையால் இறந்தால், தொடர்புடைய துறைகள் எவ்வாறு செயல்பட்டன என்று ஆராயும் வழக்கம் உண்டு. தண்டனை அளிப்பது நீதிமன்றத்தின் வேலை. எங்கே தவறியது என்று அறிவதே இந்த மறுஆய்வின் நோக்கம். டேனியல் தொடர்பான அறிக்கை 2013 செப்டம்பரில் வெளியானது.

அவ்வறிக்கையின் முக்கியமான கண்டறிதல், அத்தனை பேர் நடுவிலும் டேனியல் கண்ணுக்குத் தெரியாத குழந்தையாக இருந்தான் என்பதாகும். அவன் வீட்டு வாழ்க்கை பற்றி, அவன் அச்சங்கள் பற்றி, எந்தத் துறையினரும் அவனுடன் உரையாடியதற்கான பதிவு இல்லை. எல்லோரும் தாயிடம் கேட்டனர். தாய் சொன்னதை எழுதிக்கொண்டனர்.

அறிகுறிகள் தவறியது ஏன்?

இவ்வழக்கில் அறிகுறிகள் மறைந்திருக்கவில்லை. அவை பிரிந்து கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு சாதாரண விளக்கம் இருந்தது. கை முறிந்ததற்குச் சோபா, பசிக்கு நோய், மெலிவுக்கும் நோய், பேசாமைக்கு மொழி. நான்கையும் சேர்த்து வைத்தால் மட்டுமே உண்மை தெரியும். சேர்த்து வைக்கும் பொறுப்பை எவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது காரணம், பெற்றோர் மீதான இயல்பான நம்பிக்கை. பிள்ளைக்கு நோய் என்று கவலையோடு சொல்லும் தாயை ஐயப்படுவது யாருக்கும் கடினம். ஒத்துழைப்பது போல் நடந்துகொண்டு விசாரணையைத் தள்ளிவைப்பது, குழந்தைகளைத் துன்புறுத்துவோரிடம் காணப்படும் ஒரு வழி. ஆகவே பெற்றோரை மரியாதையுடன் நடத்தும் அதே வேளையில் அவர்கள் சொல்வதைச் சரிபார்க்கவும் வேண்டும் என்பது பயிற்சிகளில் வலியுறுத்தப்படுகிறது.

மூன்றாவது காரணம், வீட்டிலுள்ள ஆணைப் பற்றி யாரும் அதிகம் அறியாதது. துறைகளின் பேச்சும் பதிவும் பெரும்பாலும் தாயைச் சுற்றியே அமைகின்றன. புதிதாக வீட்டுக்கு வந்த துணைவர் யார், அவர் குழந்தையை எப்படி நடத்துகிறார் என்பது கேட்கப்படாமல் போகிறது. கைக்குழந்தைகளுக்கு ஆண் பராமரிப்பாளர்களால் நேரும் காயங்கள் குறித்து 2021-இல் இங்கிலாந்தில் வெளியான தேசிய ஆய்வறிக்கையும் இந்தக் குறையை எடுத்துக்காட்டியது. பெற்றோரின் துணைவர் எல்லோரும் ஆபத்தானவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. வேற்றுக் குழந்தையைத் தன் குழந்தையாக வளர்ப்போர் ஏராளம். குழந்தையுடன் வாழும் பெரியவர் எவரும் கவனிப்புக்கு வெளியே இருக்கலாகாது என்பதே பொருள்.

முன்னும் பின்னும் நடந்தவை

இதே குறைபாடு இங்கிலாந்தில் முன்பும் கண்டறியப்பட்டிருந்தது. 1973 ஜனவரியில் பிரைட்டன் நகரில் மரியா கோல்வெல் என்ற ஏழு வயதுச் சிறுமி மாற்றாந்தந்தையால் அடித்துக் கொல்லப்பட்டாள். அண்டை வீட்டாரும் ஆசிரியரும் முன்பே கவலை தெரிவித்திருந்தனர். துறைகளுக்கு இடையே தகவல் முறையாகப் பகிரப்படவில்லை என்று 1974-இல் வெளியான விசாரணை அறிக்கை கூறியது.

2000 பிப்ரவரியில் லண்டனில் எட்டு வயது விக்டோரியா கிளிம்பியே, அவளை வளர்த்த உறவுக்காரப் பெண்ணாலும் அப்பெண்ணின் துணைவராலும் கொல்லப்பட்டாள். அவள் உடலில் 128 காயங்கள் இருந்தன. லார்டு லேமிங் தலைமையிலான விசாரணை 2003-இல் 108 பரிந்துரைகளை அளித்தது. 2004-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் அதையொட்டி வந்தது. 2007-இல் லண்டனின் ஹாரிங்கே பகுதியில் பதினேழு மாதக் குழந்தை பீட்டர் கொனெலி, தாயும் அவர் துணைவரும் இருந்த வீட்டில் இறந்தான். அவன் குழந்தைப் பாதுகாப்புப் பட்டியலிலேயே இருந்தவன்.

டேனியலின் இறப்புக்குப் பிறகும் இது நிற்கவில்லை. 2020 ஜூனில் சோலிஹல் நகரில் ஆறு வயது ஆர்தர் லபின்ஜோ-ஹியூஸ், தந்தையின் துணைவியால் கொல்லப்பட்டான். அவன் உடலில் கன்றிய காயங்கள் இருப்பதை உறவினர்கள் இரு மாதங்களுக்கு முன்பே அதிகாரிகளுக்குத் தெரிவித்திருந்தனர். வீட்டுக்குச் சென்ற சமூகப் பணியாளர்கள் கவலைப்பட ஏதுமில்லை என்று திரும்பினர். கொல்பவர் எப்போதும் ஆண்தான் என்று கருதுவதும் தவறு என்பதை இவ்வழக்கு காட்டுகிறது.

சட்டமும் நடைமுறையும்

வீட்டுக்குள் ஒரு குழந்தை இறந்து, அங்கிருந்த பெரியவர்கள் ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டினால், யார் அடித்தார் என்று நிறுவ முடியாமல் இருவரும் தப்பிவிடும் நிலை முன்பு இருந்தது. 2004-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, குழந்தையின் இறப்புக்குக் காரணமாக இருப்பதையும், தடுக்காமல் அனுமதிப்பதையும் குற்றமாக்கி இந்த ஓட்டையை அடைத்தது.

டேனியல் வழக்குக்குப் பின், குழந்தைக் கொடுமை பற்றிய ஐயத்தை மறைக்காமல் தெரிவிப்பதைப் பணியாளர்களுக்குச் சட்டக் கடமையாக்க வேண்டும் என்று "டேனியல் சட்டம்" என்ற பெயரில் பொதுமக்கள் மனு அளித்தனர். 2021-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், வீட்டில் நடக்கும் வன்முறையைக் காணும் அல்லது கேட்கும் குழந்தையையும் பாதிக்கப்பட்டவராக ஏற்றது. முன்பு பெரியவர்களின் தகராறு என்று எழுதப்பட்டது, இன்று குழந்தைக்கு நேர்ந்த தீங்காகவும் எழுதப்பட வேண்டும்.

2011-இல் பிளிமத் நகரில் தொடங்கிய மற்றொரு நடைமுறையும் குறிப்பிடத்தக்கது. இரவில் ஒரு வீட்டுக்குக் காவல்துறை அழைக்கப்பட்டால், மறுநாள் பள்ளி தொடங்குமுன் அக்குழந்தையின் பள்ளிக்குத் தகவல் சென்றுவிடும். பின்னர் இது மற்றப் பகுதிகளுக்கும் பரவியது. காவலர் கண்டதையும் ஆசிரியர் கண்டதையும் இணைக்கும் பாலம் இது. டேனியலுக்கு இல்லாமல் போனதும் இதுவே.

வகுப்பறைக்கான பாடங்கள்

பெற்றோருக்கு அடுத்தபடியாகக் குழந்தையை அதிக நேரம் பார்ப்பவர் ஆசிரியர். இவ்வழக்கிலிருந்து ஆசிரியர்களும் மாணவர்களும் அறியத்தக்கவை வருமாறு:

1. தொடர் பசி, எடை குறைவு, அடிக்கடி காயம், காரணம் மாறிக்கொண்டே இருத்தல், ஒருவரைக் கண்டால் ஒடுங்குதல் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். ஒன்று மட்டும் இருந்தால் எதையும் மெய்ப்பிக்காது; இரண்டு மூன்று சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது.

2. கண்டதை அன்றே, தேதியுடன், ஒரே குறிப்பேட்டில் எழுத வேண்டும். நினைவில் மட்டும் வைத்துக்கொண்டவை டேனியலுக்கு உதவவில்லை.

3. பெற்றோர் ஒரு நோயைக் காரணம் காட்டினால், மருத்துவரின் குறிப்பைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

4. குழந்தையிடம் தனியாக, அமைதியாக, அதன் தாய்மொழியில் பேச வேண்டும். மொழி தெரியாவிட்டால் குடும்பத்தைச் சாராத ஒருவர் மொழிபெயர்க்க வேண்டும்.

5. உறுதியான ஆதாரம் கிடைக்கும்வரை காத்திருப்பது ஆசிரியரின் வேலையன்று. ஐயத்தை உரியவர்களிடம் சேர்ப்பதே அவர் கடமை. ஆராய்ந்து முடிவு செய்வது மற்றவர்களின் பொறுப்பு.

6. தெரிவித்த பின்னும் மாற்றம் இல்லையென்றால், மீண்டும் தெரிவிக்க வேண்டும்.

டேனியலிடம் கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பானா என்று உறுதியாகக் கூற முடியாது. அச்சுறுத்தப்பட்ட குழந்தைகள் பல வேளைகளில் வாய் திறப்பதில்லை. ஆனால் சொல்லாத குழந்தையும் உடலாலும் நடத்தையாலும் பேசுகிறது. குப்பைத்தொட்டியில் உணவு தேடிய நான்கு வயதுச் சிறுவன், தனக்குத் தெரிந்த ஒரே மொழியில், ஆறு மாதங்களாக அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.