உதறலுக்கு எதிர் உதறல்

நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டன்கள் மேலே ஏறும்போது மற்ற இரண்டும் கீழே இறங்குகின்றன. ஒரு ஜோடியின் உதறலை மறு ஜோடி அடக்கிவிட வேண்டும். ஆனாலும் வேகம் கூடக்கூட ஸ்டியரிங்கில் குறுகுறுப்பு ஏறுகிறது. காருக்குள் ஒரு ரீங்காரம் நிறைகிறது.

காரணம், பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் சாய்வு. கிராங்க் ஷாஃப்ட் மேலிருந்து கால் சுற்றுத் திரும்புவதற்குள் பிஸ்டன் பாதி வழியைத் தாண்டிவிடுகிறது. அதனால் ஏறும் ஜோடியும் இறங்கும் ஜோடியும் சமவேகத்தில் ஓடுவதில்லை. ஈடுகட்டப்படாமல் எஞ்சும் விசை, ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சினை இருமுறை மேலும் கீழுமாக உதறுகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 100 உதறல். சுற்று வேகம் இருமடங்கானால் உதறும் விசை நான்கு மடங்காகிறது. எஞ்சின் பெரிதாகப் பெரிதாக, ரப்பர் மவுண்டுகளை மட்டும் நம்பி இதைச் சமாளிப்பது கடினம்.

அதிர்வைப் போர்த்தி மறைப்பதைவிட, பிறக்கும் இடத்திலேயே தீர்ப்பதுதான் அசல் பொறியியல் என்பேன். அதைச் செய்து காட்டியவர் பிரிட்டிஷ் பொறியாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர் யோசித்த வழி இது: ஒருபக்கம் மட்டும் எடை வைத்த இரண்டு ஷாஃப்டுகளை, கிராங்கைவிட இருமடங்கு வேகத்தில், எதிரெதிர்த் திசையில் சுழற்ற வேண்டும். அவற்றின் பக்கவாட்டு இழுப்புகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மேல்கீழ் இழுப்புகள் மட்டும் ஒன்றுசேர்ந்து, பிஸ்டன்கள் மேலே உதறும் கணத்தில் கீழே இழுக்கும். எவ்வளவு நேர்த்தியான சிந்தனை!

இது பரவலான பயனுக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆயின. 1970களில் ஜப்பானின் மிட்சுபிஷி, இரண்டு ஷாஃப்டுகளையும் வெவ்வேறு உயரத்தில் பொருத்தி, எஞ்சின் பக்கவாட்டில் புரளும் அதிர்வையும் சேர்த்துக் குறைத்தது. 944 மாடலுக்கு 2.5 லிட்டர் எஞ்சினை உருவாக்கிய போர்ஷே, அந்த நுட்பத்துக்கு மிட்சுபிஷியிடம் உரிமம் பெற்றது. பெயர்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனமே அதைத் தேடிப் போனதென்றால் அதன் அருமை புரியும்.

இதற்கு விலையும் உண்டு. ஷாஃப்டுகளைச் சுழற்ற எஞ்சினின் சக்தியில் கொஞ்சம் செலவாகிறது, எடையும் கூடுகிறது. பழுது பார்க்கும்போதும் கவனம் வேண்டும். ஷாஃப்டுகளை ஓட்டும் பெல்ட்டை மாற்றுகிற மெக்கானிக், அடையாளக் குறிகளைச் சரியாகப் பொருத்தாமல் மாட்டிவிட்டால், உதறலை அடக்க வேண்டிய ஷாஃப்டுகளே அதைக் கூட்டிவிடும்.